படகு பேட்டரியும் அதன் பில்லும்

பழவேற்காட்டுப் படகுகளில் மீனைக் கெடாமல் வைப்பது இன்றும் ஐஸ்தான். அதைப் பழைய முறை என்று தள்ளிவிட வேண்டாம். 50 கிலோ ஐஸ் பார் ஒன்று முழுதாக உருகும்போது கிட்டத்தட்ட நாலரை யூனிட் அளவுக்கு வெப்பத்தை உறிஞ்சிவிடும். நல்ல கம்ப்ரஸர் பாதி மின்சாரத்திலேயே அந்த வேலையை முடிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பாதிக்கு மேல் வடியவிடாமல் பயன்படுத்த 100 ஏ.எச். பேட்டரி நான்கு தேவை. ஃபைபர் படகில் அத்தனை பாரத்தை எங்கே வைப்பது? படகுக்கு ஃப்ரிட்ஜ் விற்க வருபவரிடம் முதலில் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

பேட்டரிக்குப் படகில் வேறு வேலை இருக்கிறது: ஒயர்லெஸ், ஜிபிஎஸ், இரவு விளக்கு. தங்குகடலுக்குப் போகும் விசைப்படகுகளில் ஃபேனும் போன் சார்ஜரும் சேர்ந்துகொள்ளும். இவை எல்லாவற்றையும் என்ஜினைக் கிளப்பும் பேட்டரியிலேயே மாட்டினால், விடிகாலையில் என்ஜினும் கிளம்பாது, ஒயர்லெஸும் பேசாது. கடலோரக் காவல் படையின் 1554 எண்ணை அழைக்கக் கைபேசியிலும் சார்ஜ் இருக்காது. இவற்றுக்கென்று தனிப் பேட்டரி வையுங்கள். 20 வாட் டிசி ஃபேன் பத்து மணி நேரம் ஓட 200 வாட்-மணி போதும்; 100 வாட் சோலார் தகடு நல்ல வெயிலில் அதைப்போல இரண்டு மடங்கு தந்துவிடும்.

ஏசிக்காக ஜெனரேட்டர் ஓட்டும் படகுகளை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்குவதால் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நினைத்துப் படுத்துவிடுவார்கள். கேபினில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் இப்படி வந்தால் ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லோரையும் மேல்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரியையும் தலைமாட்டில் வைத்துத் தூங்க வேண்டாம். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். பேட்டரிக்குள் கடல்நீர் இறங்கினால் குளோரின் வாயு வரும்.

வாரண்டிக்குள் பேட்டரி செத்துப்போய், "படகு தொழிலுக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டு செல்லாது" என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிய பொருள் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கமாகாது. பொன்னேரிக்காரர் சென்னையில் வாங்கியிருந்தாலும் திருவள்ளூர் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியலாம். பில், தேதி போட்ட வாரண்டி அட்டை இரண்டும் கையில் இருக்க வேண்டும். படகில் வைத்தால் நனைந்துவிடும், வீட்டில் வையுங்கள்.

விபத்து என்றால் பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவின் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறது. இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000 ரூபாய். பதிவு செய்த மீனவர் தம் பங்காகப் பிரீமியம் கட்டத் தேவையில்லை. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

செத்த பேட்டரியை உடைத்து ஆசிட்டை ஏரியில் கொட்டுவதும், ஈயத்துக்காக வீட்டு வாசலில் உருக்குவதும் பிள்ளைகளின் மூளையைத் தொடும் விஷம். 2022ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. ஆகவே புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்து, அதற்குக் கழித்த தொகையையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.