ஆஸ்துமா நோயாளிக்கு ஏற்ற இன்ஹேலர்

ஈழைநோய் எனப்படும் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களின் உட்சுவர் வீங்கி, சுற்றியுள்ள தசைகள் இறுகுவதால் காற்று செல்லும் வழி சுருங்குகிறது. மருந்தை நேரடியாக அந்த இடத்தில் சேர்க்கும் கையடக்கக் கருவியே இன்ஹேலர். சால்பியூட்டமால் மாத்திரை பொதுவாக 4 மில்லிகிராம் அளவுடையது. அதே மருந்து இன்ஹேலரின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது நாற்பதில் ஒரு பங்கு மட்டுமே. இன்ஹேலர் 'கடைசிக் கட்ட மருந்து', 'பழகினால் விட முடியாது' என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

சென்னையின் தென்புறநகருக்கும் நுரையீரல் மருத்துவத்துக்கும் உள்ள உறவு பழையது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியம் 1937இல் அரசின் வசம் வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அருகிலுள்ள ரயில் நிலையத்துக்கும் தாம்பரம் சானடோரியம் என்றே பெயர்.

அழுத்தும் கருவியும் பொடிக் கருவியும்

1956இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது அழுத்தும் இன்ஹேலர். மருந்து நிறுவனமொன்றின் தலைவரிடம், ஆஸ்துமா இருந்த அவருடைய 13 வயது மகள், வாசனைத் தெளிப்பான்போல் தன் மருந்தும் ஏன் வரக்கூடாது என்று கேட்டதே இதற்குத் தூண்டுகோல் என்பர். இதைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். நான்கைந்து விநாடி நிதானமாக இழுத்தபின் பத்து விநாடி மூச்சை அடக்க வேண்டும். கையும் மூச்சும் ஒத்துப்போகாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும்.

ரோட்டாஹேலர் போன்ற பொடிக் கருவியில் கேப்சூலை இட்டுத் திருகினால் அது பிரிந்து பொடி வெளிவரும். இதில் உந்துவாயு கிடையாது. நோயாளியின் மூச்சுதான் பொடியைத் தூக்கிச் செல்ல வேண்டும் என்பதால் வேகமாகவும் ஆழமாகவும் இழுப்பது அவசியம். முன்னதில் மெதுவாக, பின்னதில் வேகமாக. இந்த எதிரெதிர் முறைகளே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். தினசரி மருந்து ஒரு வகையிலும் அவசர மருந்து வேறு வகையிலும் இருந்தால், திணறும் நேரத்தில் எது எப்படி என்று யோசிக்கவா முடியும்? இயன்றவரை இரண்டையும் ஒரே வகைக் கருவியில் பெறுவது நல்லது. கேப்சூலை மாத்திரை என்று எண்ணித் தண்ணீருடன் விழுங்குவோரும் உண்டு.

யாருக்கு எது?

விலையோ, பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவமோ இதை முடிவு செய்யக் கூடாது. நோயாளியின் மூச்சு விசை, கைப்பழக்கம், வயது ஆகியவற்றைப் பார்த்து மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அழுத்தும் இன்ஹேலருடன் ஸ்பேசரும் முகமூடியும் தேவை. நான்கைந்து வயதில் முகமூடிக்குப் பதில் வாய்க்குழாய் போதலாம். ஸ்பேசர் என்பது மருந்துத் துளிகளைச் சற்று நேரம் தாங்கி நிற்கும் பிளாஸ்டிக் கூடு. அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நிகழத் தேவையில்லாததால், கை நடுங்கும் முதியவருக்கும் முடக்குவாதத்தால் விரல் மடங்கியவருக்கும் இது பேருதவி. கையில் எடுத்துச் செல்லக் கூச்சமாக இருக்கிறது என்று பள்ளி மாணவர்கள் இதை வீட்டிலேயே விட்டுவிடுவதுதான் வருத்தத்துக்குரியது.

நன்றாக மூச்சிழுக்கக்கூடிய இளைஞருக்குப் பொடிக் கருவி எளிது. ஆனால் கடுமையான திணறலில் அந்த விசை குறைந்துவிடலாம். போகிப் புகையும் பனியும் சேரும் நாள்களில் (2018 ஜனவரியில் மீனம்பாக்கத்தில் விமானச் சேவையே பாதிக்கப்பட்டது) மூச்சுத்திணறல் கூடக்கூடும். அத்தகைய நேரத்துக்கு அழுத்தும் இன்ஹேலரும் ஸ்பேசரும் வீட்டில் இருப்பது நல்லது. அவற்றாலும் திணறல் அடங்காவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கடலோர ஊரின் ஈரப்பதம் பொடிக்குப் பகை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கேப்சூல் ஈரத்தை உறிஞ்சினால் பொடி கட்டியாகி உள்ளே போகாது. கேப்சூலைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டுமே வெளியே எடுக்க வேண்டும், குளியலறை அலமாரியில் வைக்கக் கூடாது, கருவிக்குள் ஊதவும் கூடாது.

மருந்தைக் கூட்டும் முன்

நோய் கட்டுப்படவில்லை என்றதும் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு முன், நோயாளியைத் தம் கருவியைக் கொண்டுவந்து பயன்படுத்திக் காட்டச் சொல்வது முறை. வாயால் விளக்கினால் போதாது. செய்து காட்டி, திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். ஒருமுறை கற்றதும் சில மாதங்களில் பிசகும் என்பதால் ஒவ்வொரு வருகையிலும் இது தேவை.

ஸ்டீராய்டு மருந்தை இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் பூஞ்சைத்தொற்று வருவது குறையும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் உலர விட வேண்டும். துணியால் துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைக்கும். மருந்து தீர்ந்ததா என்று அறியக் குப்பியைத் தண்ணீரில் மிதக்கவிடும் பழைய வழக்கம் நம்பத்தக்கதல்ல. எண்காட்டி உள்ள கருவியை வாங்கலாம், இல்லையெனில் பயன்படுத்திய எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்து வரலாம்.