கம்பி சொன்ன பொய்

கணினி வந்துவிட்டபடியால் ரயில் பிரயாணத்தில் இனி அபாயமில்லை என்று நம்புவோர், 2023-ம் வருஷம் ஜூன் 2-ந் தேதி ஒடிஸ்ஸாவில் பஹாநகா பஜார் ஸ்டேஷனில் நிகழ்ந்ததைச் சற்று நினைவுகூர வேண்டும். சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பிரதான பாதையில் செல்லப் பச்சை விளக்குக் காட்டப்பட்டது. பாயிண்டோ லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே சரக்கு வண்டி நின்றுகொண்டிருந்தது. 290 பேருக்கு மேல் மாண்டனர்.

அங்கிருந்தது பழைய நெம்புகோல் ஏற்பாடன்று, எலக்ட்ரானிக் இண்டர்லாக்கிங். பாயிண்டும் ஸிக்னலும் ஒத்திராவிடில் அது பச்சை காட்ட இசையாது. பின் இது எவ்வாறு நேர்ந்தது?

கணினி அறிந்தவை ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டே சொற்கள். தண்டவாளம் பேசுவது வேறு பாஷை. அதில் ஓடும் சிறு மின்சாரம் மழையில் கசிந்து குறையும். தண்டவாளம் துருவேறிக் கிடந்தால், வண்டி நிற்பதே புலப்படாமற் போகலாம். ஏறி இறங்கும் இந்த அனலாக் அளவை ரிலேதான் ‘உண்டு’, ‘இல்லை’ என்று தீர்த்து டிஜிட்டல் யந்திரத்துக்குச் சொல்லுகிறது. பாயிண்டின் நிலையும் கம்பி வழியாகவே வந்து சேருகிறது. கம்பி அறுந்தால் சிவப்பு விழும். 1872-ல் அமெரிக்கரான வில்லியம் ராபின்ஸன் காலந்தொட்டு நிபுணர்கள் அப்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் மாற்றிக் கட்டிய கம்பி அறுந்த கம்பியன்று. நல்ல மின்சாரத்தையே சுமந்து வந்து அது பொய் சொல்லும்.

லெவல் கிராஸிங் கேட் வேலையின்போதும் அதற்கு முன்பும் ஸிக்னல் கம்பிகளில் செய்த மாறுதல்களில் நேர்ந்த தவறுகளே காரணமென்று ரயில்வே பாதுகாப்புக் கமிஷனர் கண்டார். 2022 மே மாதத்தில் அதே கரக்பூர் டிவிஷனில் கம்பி மாறியதால் நிகழ்ந்த தவறு பாடமாகவில்லை என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

‘கவச்’ இருந்திருந்தால் காத்திருக்கும் என்றனர் சிலர். டிரைவர் சிவப்பைத் தாண்டினால் பிரேக் போடும் அந்த ஏற்பாடு சிறந்ததே. எனினும் ஸிக்னல் நிலையை அதற்குச் சொல்வதும் இண்டர்லாக்கிங்தானே!

விபத்துக்குப் பின் ரிலே அறைகளுக்கு இரட்டைப் பூட்டுப் போட உத்தரவாயிற்று. நன்று. ஆயினும், கம்பியைத் தொட்ட பிறகு பாயிண்டைத் திருப்பி, பாதையில் நிற்பவர் கண்ணால் காண்பதும் திரையில் தோன்றுவதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டாலன்றி எந்த வண்டியையும் விடலாகாது. இது புதிய யோசனையன்று. தொழிலறிந்தோர் யாவருக்கும் தெரிந்ததே. அதற்கு வேண்டிய அவகாசத்தை, வண்டிகள் தாமதமானாலும், ஸிக்னல் தொழிலாளருக்குத் தடையின்றி அளிக்க ரயில்வே போர்டார் முன்வர வேண்டும்.