ஒளிபரப்புக்குப் பின்னே – 9: கேமராவுக்கு இந்தப் பக்கம்

ஒன்பதாம் வகுப்பு ஒன்றில் போய் நின்று, ‘டிவியில் வேலை பார்க்க யாருக்கெல்லாம் ஆசை?’ என்று கேட்டால் நிறையக் கைகள் உயரும். ‘என்ன வேலை?’ என்று அடுத்துக் கேட்டால், செய்தி வாசிப்பது, நிகழ்ச்சி தொகுத்து வழங்குவது, நடிப்பது ஆகிய மூன்றோடு பதில் நின்றுவிடும். பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. திரையில் தெரிபவர்களை மட்டுமே அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வாசிப்பாளரின் காதில் பேசிக்கொண்டே இருக்கும் பேனல் புரொட்யூசரையும், ப்ராம்ப்டரில் எழுத்தை நகர்த்துபவரையும், கீழே ஓடும் வரியைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுப்பவரையும் அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை. சென்னையில் சேனல் அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெருவில் வளரும் பிள்ளைக்கோ, வீட்டில் ஒருவர் ஊடகத்தில் இருக்கும் பிள்ளைக்கோ இதெல்லாம் காதில் விழும். அறந்தாங்கிப் பக்கம் அரசுப் பள்ளியில் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

இதை மேடையில் ஏறிச் சொற்பொழிவாகச் சொல்லிப் பயனில்லை. செய்ய வைக்க வேண்டும்.

அதற்கு ஸ்டுடியோ தேவையில்லை. மூன்று செல்பேசிகள், ஒரு மடிக்கணினி, சட்டையில் மாட்டும் லேப்பல் மைக், ஒரு ஹெட்போன், ஒரு வகுப்பறை போதும். நான் சொல்வது வகுப்பறை மின்விசிறியிலிருந்து தொடங்கும் பட்டறை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஃபேன் ஓடும்போது ஒருமுறை, நிறுத்திய பிறகு ஒருமுறை கேட்கச் சொன்னால், தினமும் உட்காரும் அறையில் அத்தனை இரைச்சல் இருந்ததா என்று பிள்ளைகள் அசந்துபோவார்கள். ஒலிப்பதிவாளர் என்று ஒருவர் ஏன் தனியாக இருக்கிறார் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்து, ஐந்து நிமிடச் செய்தி அறிக்கை. செய்தி பள்ளிக்குள்ளேயே இருக்கிறது: பழுதான குடிநீர்க் குழாய், குறுவட்ட விளையாட்டுப் போட்டி, சத்துணவுக் கூடம். சத்துணவு சமைக்கும் அக்காவிடம் ‘பைட்’ (கேமரா முன் சொல்லும் கருத்து) வாங்கப் போகும் குழு, பெரும்பாலும் இரண்டே சொற்களோடு திரும்பி வரும். ‘சாப்பாடு நல்லா இருக்குமா அக்கா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கும்’ என்பதைத் தவிர அவர் வேறென்ன சொல்வார்? ‘இன்னைக்குக் காலையில வந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க அக்கா?’ என்று கேட்கச் சொல்லி மறுபடி அனுப்புங்கள். அரிசி களைவதில் ஆரம்பித்து அவர் கதை சொல்லத் தொடங்கிவிடுவார். நிருபர் வேலையின் சாரம் அந்த இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

எடிட்டிங்குக்கு வரும்போது நம் ஊர் வீடியோவில் ஒரு நொடிக்கு 25 ஃப்ரேம் என்பதைச் சொல்லிவிட்டு, பந்து எறியும் ஒரு ஷாட்டைக் கொடுத்தால் போதும். கை உயரும்போது வெட்டுவதா, பந்து கையை விட்டுப் போன பிறகு வெட்டுவதா என்று பிள்ளைகளுக்குள் சண்டையே நடக்கும். நடக்கட்டும். மூன்று ஃப்ரேம் வித்தியாசத்துக்காக வாதாடுகிற ஒருவரை அங்கே கண்டால், ஆசிரியர் அவர் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பட்டறையில் நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. எல்லாரும் எல்லா இடத்திலும் நிற்க வேண்டும். வாசித்தவர் அடுத்த சுற்றில் கேமரா பிடிக்கட்டும், கேமரா பிடித்தவர் ஃப்ளோர் மேனேஜராகி, சத்தமில்லாமல் விரலால் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிக் காட்டட்டும். இப்படி மாற்றாவிட்டால் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவரே வாசிப்பார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஆண்டுவிழாவில் நடப்பதுதான் இங்கும் நடக்கும்.

கேரளம் இதைத் திட்டமாகவே செய்கிறது. 2018 ஜனவரியில் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள், அங்குள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் உயர்நிலைப் பள்ளிகளில் இயங்குகின்றன. எட்டாம் வகுப்பில் திறனறித் தேர்வு வைத்து உறுப்பினர்களைச் சேர்க்கிறார்கள். அனிமேஷன், நிரலாக்கம், மின்னணுவியல் ஆகியவற்றோடு கேமராப் பயிற்சியும் உண்டு. உயர்நிலைப் பள்ளிகளுக்கு டி.எஸ்.எல்.ஆர். கேமராவை அரசே கொடுத்தது. எடிட்டிங்குக்கு ‘கேடென்லைவ்’, ஒலிக்கு ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருள்களைப் பயன்படுத்துகிறார்கள். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். பள்ளியில் பழகியதை வீட்டில் தொடர எந்தப் பிள்ளையும் காசு கட்ட வேண்டியதில்லை. பள்ளி விழாக்களைப் படம்பிடித்துத் தொகுப்பது இந்த மாணவர்களின் பொறுப்பு. அவர்களுக்குப் பின்னால், 2005இல் அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்த ‘விக்டர்ஸ்’ என்ற கல்வி அலைவரிசையும் இருக்கிறது.

பிரிட்டனில் பி.பி.சி. வேறொரு வழியைப் பிடித்தது. 2007இலிருந்து ‘ஸ்கூல் ரிப்போர்ட்’ என்ற பெயரில், ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளிப் பிள்ளைகளே செய்தி தயாரித்தார்கள். பிற்பகல் 2 மணிக்குள் முடித்தாக வேண்டும். கெடு என்றால் என்ன என்பதைப் பதின்மூன்று வயதில் உடம்பால் உணர்ந்துகொள்ள அது நல்ல ஏற்பாடு.

நம் ஊருக்கு வருவோம். பட்டறை நடத்துபவர்கள் பலர் கல்லூரி மாணவர்களைத்தான் அழைக்கிறார்கள். அது தாமதம் என்பேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் பிள்ளை குரூப் எடுத்துவிடுகிறது. தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு போன்ற நான்கு ஆண்டுப் பட்டப் படிப்புகள் இருக்கின்றன. இயற்பியல் உள்ளிட்ட பாடங்களைப் பிளஸ் டூவில் படித்திருக்க வேண்டிய படிப்புகளும் அவற்றில் உண்டு. கேமரா மீது ஆசை இருப்பதைப் பன்னிரண்டாம் வகுப்பில் கண்டுபிடிக்கும் கலைப்பிரிவு மாணவி அந்த இடத்தில் நின்றுவிடுகிறார். புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரியின் தொலைக்காட்சிப் பிரிவில் ஓராண்டுப் படிப்புகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். அந்தச் செய்தியும் அவர்களை எட்டுவதில்லை.

பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாததும் உண்டு. செய்தி அறையில் இரவுப் பணி உண்டு, தீபாவளியன்றும் ஷிப்ட் உண்டு. ஸ்ட்ரிங்கர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கொடுத்த செய்திக்குத்தான் காசு. வேலைகள் பலவும் ஒப்பந்த அடிப்படையில்தான். பட்டறைக்கு வரும் தொழில்நுட்பக் கலைஞரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்கப் பிள்ளைகளை அனுமதியுங்கள். வந்தவரும் உண்மையைச் சொல்லட்டும்.

தமிழக அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்களைத் திரையிடும் திட்டம் 2022இல் தொடங்கியது. படம் பார்த்துப் பேசப் பழகிய பிள்ளைகள் இப்போது இருக்கிறார்கள். 2019 முதல் கல்வித் தொலைக்காட்சியும் இருக்கிறது. கேமராவும் ஸ்டுடியோவும் அரசிடமே இருக்கும்போது, மாவட்டத்துக்கு ஒரு பள்ளியிலிருந்தாவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அங்கே அழைத்துவந்து, ஒரு முழு நாள் எல்லாப் பொறுப்புகளிலும் நிற்க வையுங்கள். அவர்கள் தயாரிக்கும் ஐந்து நிமிடத்தை அன்று மாலையே ஒளிபரப்புங்கள். தனியார் சேனல்களில் பணியாற்றும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நீங்கள் படித்த பள்ளியில் அரை நாள் செலவிடுங்கள், ஒரு மைக்கையும் ஹெட்போனையும் கையோடு எடுத்துப் போங்கள்.

(தொடரும்)