முற்றமும் அண்டை வீட்டார் உரிமையும்

புதிதாக வீடு கட்டி முடித்ததும், அதனைச் சுற்றி எஞ்சிய நிலம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் இட்டுவிடுகிறோம். தூய்மைக்கு இது உதவலாம். ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழி அடைபடுகிறது. நிலத்தடி நீர் வற்றியதைக் கண்டே, 2003ஆம் ஆண்டு தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது.

நடக்கவும் வாகனம் நிறுத்தவும் வேண்டிய அளவே தளமிடுவோம். சுவரோரம் நீர் தேங்காதவாறு நிலத்தை வெளிப்புறம் சரித்து, கூரைநீரைக் கடைக்காலுக்கு விலகிய கசிவுநீர்க் குழியில் சேர்ப்போம். ஒளுச் செய்த நீர் வாழைக்கும் எலுமிச்சைக்கும் பாயட்டும். நட்ட மரத்திலிருந்து பறவை உண்பதும் தர்மமே என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை.

நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் இல்லை. நம் முற்றத்தில் இறங்கும் மழை அண்டை வீட்டார் கிணற்றிலும் ஊறும்; நாம் மூடிய மண்ணோ அவர்களுக்கும் சேர வேண்டிய நீரைத் தடுக்கும். ஆகவே, முற்றத்தைத் திட்டமிடுவது அண்டை வீட்டார் உரிமையைப் பேணுவதுமாகும்.