அடிமனை யாருடையது?

சின்ன காஞ்சிபுரத்தில் தறிக்குழியும் திண்ணையும் உள்ள ஒரு பழைய வீட்டை விலைபேசி, இருபது ரூபாய் முத்திரைத்தாளில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதி வாங்கி, மகளின் விவாகத்துக்கென்று வைத்திருந்த பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளைக் கிரயப் பத்திரமென்று நம்பிப் பெட்டியில் பூட்டிவைக்கும் நெசவாளர் குடும்பங்களை மீண்டும் மீண்டும் காண்கிறேன்.

அது கிரயப் பத்திரமன்று. ஆங்கிலேயர் வகுத்த 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, நூறு ரூபாயோ அதற்கு மேலோ பெறுமான ஸ்திர சொத்தின் கிரயம் பதிவு செய்த சாசனத்தால் மட்டுமே பூர்த்தியாகும். பொது அதிகாரப் பத்திரமும் பாத்தியதையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதைவிடப் பெரிய ஆபத்து மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நிலத்தோடு ஒட்டியதெல்லாம் நிலத்துக்குரியவனுக்கே என்பது ரோமானியர் வகுத்து ஆங்கிலேயர் கைக்கொண்ட கோட்பாடு. நம் நீதிமன்றங்கள் அதை அப்படியே ஏற்காமல், மண் ஒருவருக்கும் கட்டடம் மற்றொருவருக்கும் உரியதாயிருக்கலாம் என்று அனுமதித்தன. ஆகவே வீடு விற்பவருடையதாயிருந்தும் அது நிற்கும் அடிமனை தேவஸ்தானத்தினுடையதாயிருக்கலாம். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பதையும் அடமானம் வைப்பதையும் ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு விடுவதையும் செல்லாதவையாக்குகிறது. எத்தனை தலைமுறை குடியிருந்தோம் என்பது இங்கே பதிலாகாது. கோயில் தன் நிலத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குக்குக் காலவரம்பு இல்லையென்று அதே சட்டத்தின் 109-ஆம் பிரிவு கூறுகிறது.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, சார்பதிவாளர் அலுவலகத்தில் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று பெறுங்கள். அதில் வில்லங்கமில்லை என்று வந்ததால் மட்டும் திருப்தியடையாதீர்கள். பதிவாகாத பேச்சும் கோயிலின் உரிமையும் அதில் தெரியாமற்போகலாம். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் நில அளவைப் பதிவேட்டைப் பார்த்து, சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, கோயிலின் செயல் அலுவலருக்கு மனு எழுதுங்கள்: இந்த எண் கோயிலின் சொத்துப் பதிவேட்டில் உள்ளதா, அடிமனை வாடகை யார் பெயரில், பாக்கி எவ்வளவு. வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "நாளைக்கு வா" என்று நெசவாளியின் தறிநாளை வீணாக்குவது சில அலுவலகங்களில் வழக்கமாகிவிட்டது. அப்படியானால், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அறநிலையத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவலுரிமை மனு அனுப்புங்கள்; முப்பது நாளில் அவர் பதிலளிக்கக் கடமைப்பட்டவர். மறுபடியும் சொல்கிறேன், எழுத்துமூலமான பதில் கையில் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் தாமதிக்கலாகாது. அதைத் திரும்பப் பெறும் வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுதான் கெடு. வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமானம் எதுவாயினும் அங்கே உதவி இலவசம். போகும்போது அந்த முத்திரைத்தாளையும், பணம் கொடுத்ததற்கான ரசீதையும், வாடகைச் சீட்டுகளையும் அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஆனால் எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள்.