அணுவைத் தடவும் ஊசி

தோழா!

பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் விசைத்தறி ஓடும் வீடுகளிலே, தரையில் வைத்த தண்ணீர்க் குவளையைப் பார்த்திருப்பாய். தறி அடிக்க அடிக்கத் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கும். அந்த நடுக்கத்தை நினைவில் வைத்துக்கொள். இன்று நான் சொல்லப்போகும் கருவிக்கு அதுதான் முதல் எதிரி!

அணுக்களை நெருக்கமாக வரிசையில் நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டரில் முப்பது, நாற்பது இலட்சம் நிற்கும். அத்தனை சிறியதை எந்தப் பூதக்கண்ணாடி காட்டும்? காட்டாது. வெளிச்சத்தின் அலையே அணுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு நீளம். கடப்பாரையால் சட்டைப் பொத்தான் தைக்க முடியுமா?

முடியாது என்று கைகட்டி நிற்கவில்லை இருவர். சுவிட்சர்லாந்து நாட்டிலே, ஜூரிச் நகருக்கு அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக், ஹைன்ரிக் ரோரர் என்னும் அவ்விருவரும், பார்க்க முடியாததைத் தடவிப் பார்ப்போம் என்று துணிந்தனர். 1981-ல் வென்றனர். 1986-ல் நோபல் பரிசு அவர்களைத் தேடி வந்தது. ஸ்கேனிங் டனலிங் மைக்ராஸ்கோப் என்பது அக்கருவியின் பெயர். தடவும் நுண்ணோக்கி என்று நாம் சொல்லிக்கொள்வோம்.

தத்துவம் என்ன? கூரிய ஊசி ஒன்று. அதற்கு எதிரே ஓர் உலோகத் துண்டு. இரண்டுக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு அளவே இடைவெளி. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தம் கொடுத்தால், ஊசி தொடாமலே மின்சாரம் தாவும்! இடைவெளி ஓர் அணுவின் அகலத்தைவிடக் குறைவாகக் கூடினாலும், மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மின்னோட்டம் மாறாதபடி ஊசியை ஏற்றி இறக்கிக்கொண்டே துண்டின் மேல் ஓட்டு. அந்த ஏற்ற இறக்கத்தைக் கோடு கோடாக வரை. அணுக்களின் மேடு பள்ளம் படமாகிவிடும்.

பெரிய இடத்துச் சங்கதி, நமக்கென்ன என்கிறாயா? பொறு, தோழா! கருவியின் உறுப்புகளைக் கேள்.

ஊசி? பிளாட்டினமும் இரிடியமும் கலந்த மெல்லிய கம்பியைச் சாய்வாக இழுத்து வெட்டினால், முனையிலே ஓரிரு அணுக்கள் துருத்தி நிற்கும். அதுவே ஊசி. ஊசியை அசைக்கும் உறுப்பு? அலாரத்திலும் பொம்மையிலும் 'பீப்' என்று ஒலிக்கும் பித்தளை வில்லை. அதன் மேற்பூச்சை நான்கு பகுதியாகப் பிரித்து மின்னழுத்தம் கொடுத்தால், வில்லை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து ஊசியை நகர்த்தும். ஊசியை அருகே கொண்டு செல்ல? நுண்மரைத் திருகுகள் மூன்று, நெம்புகோல் கணக்கிலே. நடுக்கத்தை அடக்க? சுருள்வில்லும், ரப்பரும், கனத்த இரும்புப் பலகையும். தடவிப் பார்க்க? கிராபைட் துண்டு. ஒட்டும் டேப்பால் மேல் படலத்தை உரித்தால் புத்தம் புதுப் பரப்பு!

வெளிநாடுகளிலே பொழுதுபோக்காக இதைத் தம் வீட்டு மேசையிலேயே கட்டி, கிராபைட்டின் அணு வரிசையைப் படம் பிடித்தவர் உண்டு. நம் நாட்டிலும், புனே பல்கலைக்கழக இயற்பியல் துறையினர் விலைக்கு வாங்காமல் தாமே கட்டினார்கள்.

இப்போது நம் சேலம், நாமக்கல் சமவெளியைப் பார். கொலுசுக்காக வெள்ளிக் கம்பியை மயிரிழையாக இழுக்கும் விரல்கள் செவ்வாய்ப்பேட்டையில் இல்லையா? பாறையைத் துளைக்கும் ரிக் வண்டியைக் கட்டி நாடெங்கும் அனுப்பும் பட்டறைகள் திருச்செங்கோட்டில் இல்லையா? லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல்லில், லேத்தின் ஓசையைக் கேட்டே அளவு பிசகியதைச் சொல்லும் மேஸ்திரிகள் இல்லையா? கலங்கல் சிற்றூரில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அவர் கோவையிலே எந்திரங்கள் படைக்கவில்லையா?

எளிது என்று நான் ஏய்க்கவில்லை. நூறு முறை கெடும். ஊசி மோதி மழுங்கும். மின்விசிறிக் காற்று கெடுக்கும். வீட்டு மின்சாரத்தின் ஐம்பது சைக்கிள் இரைச்சல் வந்து புகும். அளக்கவேண்டிய மின்னோட்டமோ ஓர் ஆம்பியரின் நூறு கோடியில் ஒரு பங்கு! அதைப் பெருக்கிக் காட்டும் சுற்றை அமைக்கப் படித்த பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் திருகு கடைந்து கொடுக்கப் பட்டறைக் கை வேண்டும். ஒன்றில்லாமல் மற்றொன்று நொண்டி.

தோழா, படிக்கும் தலை வேறு, உழைக்கும் கை வேறு என்று நம்மை நம்ப வைத்தார்களே, அந்தப் பொய்யை இந்த ஊசிமுனை குத்திக் கிழிக்கிறது. ஏட்டிலே அணுவைப் படித்து மதிப்பெண் வாங்கும் மாணவன், தானே கட்டிய கருவியில் அதைக் காணும் நாள் வரவேண்டாமா? கடைசல்காரர் வீட்டுப் பெண், "எங்கப்பா கடைந்த திருகு இது" என்று வகுப்பிலே நிமிர்ந்து சொல்லவேண்டாமா?

செய்யவேண்டியது சிறிது. உன் ஊர்ப் படிப்பகத்திலே ஒரு மேசை ஒதுக்கு. பாலிடெக்னிக் மாணவன் ஒருவனை அழை. வேலை முடிந்து வரும் மேஸ்திரியை அவன் பக்கத்தில் உட்கார வை.

பின்னிக்கும் ரோரரும் நடுக்கத்துக்கு அஞ்சி, ஊர் உறங்கிய இரவிலேதான் அளந்தார்கள். நம் ஊரிலும் தறி ஓயும் நேரம் ஒன்று உண்டு. குவளைத் தண்ணீர் அசையாமல் நிற்கும் அந்த நேரத்திலே, ஊசியை மெல்ல இறக்கு!