மழைக்கு முன் மாடி ஏறுங்கள்

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில், மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் ஓட்டத்தை நாள் தவறாமல் அளந்து எழுதி வைக்கிறது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா, அருவியில் குளிக்கலாமா, மேட்டூருக்கு எவ்வளவு தண்ணீர் போய்ச் சேரும் என்பதையெல்லாம் அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய 177.25 டி.எம்.சி. தண்ணீரும் அங்கேதான் அளக்கப்படுகிறது. ஒரு நாள் மட்டும் அளந்தால் இதில் ஒன்றும் விளங்காது. நேற்று 8,000 கனஅடியாக இருந்தது இன்று 20,000 ஆகிவிட்டது என்று தெரிந்தால்தான் பரிசலைக் கரையேற்ற முடியும். ஆற்றுக்கு இருக்கும் இந்தப் பதிவு, அதே ஆற்றங்கரையில் இருக்கும் தங்கும் விடுதிகளின், உணவகங்களின், மீன் வறுவல் கடைகளின் கூரைக்கு இல்லை. ஒழுகினால் கொத்தனாரைக் கூப்பிடுகிறோம், ஒழுகாவிட்டால் கூரை என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம். மக்கள் வந்து தங்கும், கூடும் எந்த வணிகக் கட்டடத்துக்கும் ஆண்டுக்கு ஒருமுறை கூரையின் நிலையை எழுத்திலும் படத்திலும் பதிய வேண்டும். ஒகேனக்கல்லில் அதைச் செய்வதற்கு ஏற்ற காலத்தை ஆறே ஒதுக்கித் தருகிறது.

ஒழுகல் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் நம் பழக்கம். கூரை கெடும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அது எவ்வளவு தாமதமான முடிவு என்பது புரியும். நம் ஊர் மொட்டை மாடியில் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு இருக்கும், அதன் மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். கோடை வெயிலில் இது விரிகிறது, இரவில் சுருங்குகிறது. முதலில் விட்டுப்போவது ஓட்டுக்கு ஓடு இடையிலான கலவையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையும்தான். அந்த மயிரிழை வழியாக இறங்கும் தண்ணீர் உடனே கீழே சொட்டுவதில்லை. ஜல்லிப் பூச்சு அதை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, பிறகு மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் விடுகிறது. கம்பியில் துரு பிடிக்கிறது. துருப்பிடித்த இரும்புக்கு முன்பு இருந்ததைப்போல் 2 மடங்குக்கும் மேல் இடம் தேவைப்படும். அந்த வீக்கம் உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையின் அடியில் பூச்சு உப்பி, தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டு, ஒருநாள் பெயர்ந்து விழுந்து கம்பி தெரியும்போது கேடு தொடங்கி ஆண்டுகள் ஆகியிருக்கும். விடுதி அறையின் மூலையில் பழுப்புக் கறை தெரிவதற்கு முன்பே மாடியில் அதன் காரணம் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், ஏறிப் பார்க்க ஆள் இருந்திருந்தால்.

பாரத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஆள் நடமாடும் மொட்டை மாடி, தன் எடை போக ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலையின் கணக்கு. சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்து, வடிகுழாயின் வாய் மூடிக்கொண்டால், கைப்பிடிச் சுவர்களுக்குள் மாடி ஒரு தொட்டியாகிவிடும். ஒரு சாண் அளவுக்குக்கூட வேண்டாம், 15 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீட்டருக்கு 150 கிலோ ஏறிவிடுகிறது. அதோடு 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒவ்வொன்றும் நிரம்பும்போது ஒரு டன். விடுதிக்குக் கூட்டம் கூடக்கூடத் தொட்டிகளும் கூடுகின்றன. வெந்நீருக்குச் சூரிய ஒளிக் கலன், விளம்பரப் பலகை, செல்பேசிக் கோபுரம் எல்லாம் ஒவ்வொன்றாக மேலே போகின்றன. இன்னொரு பழக்கமும் உண்டு: ஒழுகும்போதெல்லாம் பழைய தட்டோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதுக் கலவை போட்டுவிடுவது. ஓர் அங்குலக் கலவை சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ. 1,000 சதுர அடி மாடியில் ஒருமுறை பூசினால் 5 டன் கூடுகிறது. இவற்றில் எதுவும் தனியாக ஆபத்தில்லை. ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போன மொத்தம் எவ்வளவு என்பதை எந்த ஏட்டிலும் எழுதாமல் விடுவதுதான் ஆபத்து.

கூரை விழுந்தால் என்ன ஆகும் என்பதை 2017ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்கு இருமுறை காட்டியது. செப்டம்பர் 7 அன்று கோவை மாவட்டம் சோமனூர் பேருந்து நிலையத்தின் கூரை மழையில் இடிந்தது. பேருந்துக்குக் காத்திருந்தவர்களில் 5 பேர் இறந்தனர். ஆறு வாரம் கழித்து, அக்டோபர் 20 அதிகாலையில், அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த பொறையாறில், அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையின் ஓய்வறைக் கூரை சரிந்து, வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த ஊழியர்கள் 8 பேர் உயிரிழந்தனர். அது 1943இல் கட்டிய கட்டடம். இரண்டுமே நாள்தோறும் பலர் கண்ணில் பட்ட இடங்கள். பார்வைக்குத் தெரிந்ததைக் குறித்து வைத்து, போன ஆண்டைவிட மோசமா என்று கேட்கும் கடமை யாருடையது என்பதுதான் தெளிவாக இல்லை. இதற்கு நேர்மாறானது 2021 டிசம்பர் 27 அன்று சென்னை திருவொற்றியூரில் நடந்தது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு தொகுதி, 24 வீடுகளோடு தரைமட்டமானது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசல் பெரிதாகிக்கொண்டு வருவதைக் கவனித்த மக்கள் அதற்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். விரிசல் இருக்கிறது என்ற செய்தியைவிட, விரிசல் வளர்கிறது என்ற செய்திதான் அவர்களைக் காப்பாற்றியது. ஆண்டறிக்கை என்பது இந்தக் கவனிப்பைத் தற்செயலுக்கு விடாமல் ஏற்பாடாக ஆக்குவது, அவ்வளவே.

அப்படியானால் அந்த அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? முதல் பக்கத்தில் மாடியின் வரைபடம்: தொட்டி எங்கே, வடிகுழாய் எத்தனை, வாட்டம் எந்தப் பக்கம், போன ஆண்டுக்குப் பிறகு மேலே ஏறிய பாரம் என்ன. அடுத்து, ஒவ்வோர் ஆண்டும் அதே மூலையில் நின்று எடுத்த படங்கள், அளவுகோலை அருகில் வைத்து. விரிசலை அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். விரிசல் முடியும் இரண்டு முனையிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டால் போதும். அடுத்த ஆண்டு விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும், அங்கேயே நின்றிருந்தால் அடைத்துவிடலாம். மழை நின்று இரண்டு நாள் கழித்தும் தண்ணீர் வற்றாத இடத்தைச் சாக்பீஸால் வளைத்துப் படம் எடுக்க வேண்டும். அங்கே வாட்டம் போய்விட்டது என்று பொருள். காடு சூழ்ந்த ஒகேனக்கல்லில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பறவை எச்சத்தில் விழும் அரச விதையும் ஆல விதையும் கைப்பிடிச் சுவர் மூலையில் முளைக்கின்றன. இரண்டு இலை விட்ட கன்றைக் கையால் பிடுங்கிவிடலாம். மூன்று ஆண்டு விட்டால் வேர் சுவருக்குள் ஓடிவிடும். மேலே வெட்ட வெட்ட உள்ளே தடிக்கும். பிறகு சுவரையே பிரித்துத்தான் எடுக்க வேண்டும். தொட்டி மூடியைப் பெயர்த்துக் குழாயை இழுத்துப் போடும் குரங்குகளின் வேலையையும் விடாமல் எழுத வேண்டும், அந்தக் குழாயில் கசியும் தண்ணீர் வெயில் காலத்திலும் தளத்தை நனைத்துக்கொண்டிருப்பதால்.

தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் பார்வை வேறு. அங்கே கெடுவது ஓட்டைகள்: சீட்டைச் சட்டத்தோடு பிடிக்கும் ஜே போல்ட்டின் வாஷர் வெயிலில் காய்ந்து நொறுங்குகிறது, துளை அகலமாகிறது, சித்திரை, வைகாசி மாத மாலைகளில் இடியோடு வரும் சூறைக்காற்று அந்த இடத்தில்தான் சீட்டை முதலில் தூக்குகிறது. மீன் வறுக்கும் கடைகளில் புகையும் எண்ணெய்ப் பசையும் போய் ஒட்டும் இடமும் இந்தச் சீட்டின் அடிப்பக்கம்தான். படிந்த எண்ணெய் நெருப்புக்கு வழி என்பதால் அதையும் அறிக்கை சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டின் மேல் யாரையும் நேராக ஏறவிடாதீர்கள். உறுதியாகத் தெரியும் சீட்டு உடைந்து ஆள் கீழே விழும் விபத்து புதிதன்று. ஏணியில் நின்றோ, பக்கத்து மாடியிலிருந்தோ பார்க்கலாம். ஏறியே ஆக வேண்டுமென்றால் சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, கயிறு கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இனி, எப்போது என்ற கேள்வி. ஒகேனக்கல்லில் ஓடும் வெள்ளம் ஒகேனக்கல்லில் பெய்த மழையால் வருவதில்லை. குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டி, கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் நிரம்பி வழியும் ஜூலை, ஆகஸ்டில் ஆறு பெருகுகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் நொடிக்கு 2 லட்சம் கனஅடிக்கு மேல் வந்தது. அருவிக்குத் தடை, பரிசலுக்குத் தடை, விடுதிகள் காலி. ஆனால் தருமபுரி மாவட்டத்துக்கு ஆண்டில் சுமார் 850 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது, அது அதிகமாகப் பெய்யும் மாதங்கள் செப்டம்பரும் அக்டோபரும்தான். ஆற்றுக்கு வெள்ளம் முதலில் வருகிறது, கூரைக்கு மழை அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து வருகிறது. வருமானம் நின்ற அந்தத் தடை நாட்களில் அறைகள் காலியாக இருக்கும், வேலையாட்களுக்கும் வேலை குறைவு, பெரிய மழை இன்னும் தொடங்கவில்லை. கூரையைப் பார்க்கவும், பார்த்ததைச் சரிசெய்யவும் இதைவிடப் பொருத்தமான காலம் வேறு எந்தச் சுற்றுலா ஊருக்கும் கிடைக்காது. நட்டக் கணக்கில் எழுதப்படும் நாட்களை இப்படி ஒருமுறையாவது பயன்படுத்தலாம்.

இதற்கெல்லாம் ஏற்கெனவே உறுதிச் சான்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் மக்கள் கூடும் கட்டடங்களுக்கு உரிமம் கேட்கிறது, அதற்குப் பொறியாளரின் உறுதிச் சான்றும் வேண்டும். ஆனால் சான்று, கட்டடம் தகுதியானதா இல்லையா என்று மட்டும் சொல்கிறது. எந்த மூலையில் எது எவ்வளவு மாறியது என்று சொல்வதில்லை. ஒரு காகிதத்தை நம்பி இருந்துவிடுவதன் விலையை ஜெர்மனி அறிந்தது. பவேரியாவின் பாட் ரைகன்ஹால் ஊரில் 2006 ஜனவரி 2 அன்று பனிச்சறுக்கு அரங்கின் மரக் கூரை பனியோடு இடிந்து 15 பேர் இறந்தனர், பெரும்பாலோர் சிறுவர்கள். உத்தரங்களை ஒட்டப் பயன்படுத்திய பசை ஈரத்தில் வலுவிழந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு பொறியாளர் கூரை நல்ல நிலையில் இருப்பதாக எழுதிக் கொடுத்திருந்தார். எல்லா உத்தரங்களையும் அருகில் போய்ப் பார்க்காமல் எழுதிய அறிக்கை அது. அதன்பிறகு அந்த நாட்டில் இத்தகைய கட்டடங்களை முறையாக, திரும்பத் திரும்பச் சோதிப்பதற்கான வழிகாட்டு விதிகள் வகுக்கப்பட்டன. ஏறாமல் கையெழுத்திட்ட அறிக்கை, அறிக்கை இல்லாததைவிட மோசம். படமும் அளவும் தேதியும் கட்டாயம் என்று வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

செலவு தாங்காது என்பது அடுத்த தடை. பத்து அறை விடுதிக்கு ஆண்டுதோறும் பொறியாளர் தேவையில்லை. பாதிப் பார்வையைப் பயிற்சி பெற்ற மேலாளரோ அனுபவமுள்ள கொத்தனாரோ செய்துவிடலாம். கோடு தாண்டிய விரிசல், தெரியும் கம்பி, புதிதாக ஏற்றிய தொட்டி ஆகியவை வந்தால் பொறியாளரை அழைக்க வேண்டும். வடிகுழாய் வாயைச் சுத்தம் செய்யும் கூலியையும், தளத்தை முழுவதும் பெயர்த்து மறுபடி போடும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். தமிழ்நாட்டில் 2003இலிருந்து மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்பதால், அந்தக் குழாய்களைப் பார்ப்பதும் இதே வேலையில் அடங்கிவிடும்.

எழுதி வைத்தால் நமக்கே வினையாகும், அதிகாரி கையில் சிக்கினால் கடையை மூடச் சொல்வார் என்ற அச்சத்தை லேசாகத் தள்ள முடியாது. குறையைத் தானே எழுதி ஒப்படைப்பவருக்குத் திருத்த அவகாசம் தராமல் தண்டித்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். அந்த அவகாசத்தை அரசு உறுதி செய்ய வேண்டும். ஆனால் குறை தெரிந்தும் எழுதாமல் இருப்பது பாதுகாப்பு என்று உரிமையாளர் நினைத்தால் அது தவறு. அறை எடுத்துத் தங்கியவர் மேல் கூரை விழுந்தபின், பார்த்தேன், திருத்தினேன் என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இருக்காது. வாடகைக்குக் கடை நடத்துபவர்களின் கேள்வி இன்னும் நியாயமானது: கூரை உரிமையாளருடையது, நாங்கள் என்ன செய்வது? பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏலம் விடும்போதும் வாடகையைப் புதுப்பிக்கும்போதும் அந்த ஆண்டின் கூரை அறிக்கையை இணைத்துத் தருவது உரிமையாளரின் கடமை என்று ஒரு வரி சேர்த்தால் போதும். ஊராட்சிக்குச் சொந்தமான கடைகளுக்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

பென்னாகரம் ஒன்றியமும் கூத்தப்பாடி ஊராட்சியும் விடுதி உரிமையாளர்களைக் கூட்டி, இரண்டு பக்கப் படிவம் ஒன்றைத் தமிழில் தயாரித்துக் கொடுத்தால் இதைத் தொடங்கிவிடலாம். அது வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒகேனக்கல்லில் வெள்ளத் தடை அறிவித்ததும், விடுதி நடத்துபவர்கள் சாக்பீஸும் செல்பேசியும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறுங்கள். பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள்.